சென்னையில் தூரத்தைச் சுமப்பவர்கள்

நகரமைப்பு படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஒரு பெருநகரத்துக்குள் வந்துசேரும் தண்ணீர் போன்ற வளங்கள், மக்களின் அன்றாடப் பயணம், கலை வாழ்க்கை ஆகியவற்றை எங்களுக்கு மூன்று தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறார்கள். சென்னையை எடுத்துக்கொண்டால் இவற்றுக்கிடையே உண்மையான தொடர்பு ஏதும் இருக்கிறதா?"

இருக்கிறது. மார்கழி மாதத்தில் சென்னைப் பதிப்பு நாளிதழ் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஒரு மூலையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் அன்றைய நீர்மட்டம் அச்சாகியிருக்கும். இன்னொரு பக்கத்தில் அன்றைய கச்சேரிகளின் பட்டியல் இருக்கும். வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிறைகிற அதே வாரங்களில்தான் சபாக்களும் நிறைகின்றன. ஏரி நீர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது, கச்சேரிக்கு யார் எவ்வளவு தொலைவிலிருந்து வர முடிகிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், நீங்கள் தேடும் தொடர்பு கிடைத்துவிடும். இந்த நகரம் தன் தேவைகளுக்கும் தன் மக்களுக்கும் இடையே தூரத்தை வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்தத் தூரத்தின் பெரும்பகுதியை ஏழை மக்கள், அதிலும் பெண்கள், தங்கள் நாளிலிருந்து எடுத்துக் கட்டுகிறார்கள் என்பதே என் பதில்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தூரத்தின் வரலாறு அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 1772இல் கோட்டைக்குக் குடிநீர் தருவதற்காக ஏற்படுத்தப்பட்ட ஏழு கிணறு, கருப்பர் நகரம் என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட பகுதிக்கு உள்ளேயே இருந்தது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1872இல், கொசஸ்தலை ஆற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் திருப்பிச் சோழவரத்துக்கும் புழலுக்கும் கொண்டுவந்தார்கள். பாசனத்துக்காக வெட்டப்பட்ட ஏரிகள் நகரத்தின் குடத்துக்குத் திரும்பியது அப்போதுதான். 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையமும், 1944இல் பூண்டி நீர்த்தேக்கமும் வந்தன. பிறகு தூரம் எகிறியது. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஸ்ரீசைலத்திலிருந்து சோமசீலா, கண்டலேறு வழியாக நானூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து கிருஷ்ணா நீர் 1996இல் தமிழக எல்லையைத் தொட்டது. 2004இல் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வந்தது. முதலாம் பராந்தக சோழர் காலத்தில் வயல்களுக்காக வெட்டப்பட்ட ஏரி, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் போரூருக்கு நீர் அனுப்பத் தொடங்கியது. 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலும் அதற்குப் பின் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. கடல் பக்கத்தில் இருப்பதால் தூரம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் பெறச் சுமார் மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும்; அந்த மின்சாரத்துக்கான நிலக்கரி எங்கிருந்தோ கப்பலில் வருகிறது.

நீர் இப்படி மேலும் மேலும் தொலைவிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்திலேயே, பக்கத்தில் இருந்த ஏரிகளை நகரம் தூர்த்துக்கொண்டிருந்தது. 1920களில் மாம்பலம் பக்கத்து நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. "நீரின்றி அமையாது உலகு" என்று எழுதியவரின் நினைவிடம் ஒரு ஏரியின் மேல் நிற்கிறது என்பதை எந்த வகுப்பில் சொன்னாலும் மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். வளமும் பண்பாடும் தனித்தனிப் பாடங்கள் என்று சொல்லிக்கொண்டு அந்த மண்டபத்தைக் கடந்து போவது எனக்குச் சாத்தியமாகவில்லை.

2019 கோடையில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12ஆம் தேதி வந்த முதல் ரயிலில் ஐம்பது வேகன்கள், வேகனுக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் லிட்டர், ஆக மொத்தம் இருபத்தைந்து லட்சம் லிட்டர் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீர் இருந்தது. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் வழங்கலை மிகவும் குறைத்திருந்த அந்த நாட்களிலும் நகருக்குத் தினமும் ஐம்பது கோடி லிட்டருக்கு மேல் தரப்பட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு ரயில் நீர் அரை சதவீதம்கூட இல்லை.

அந்த ரயிலைவிட என் நினைவில் ஆழமாக இருப்பது, அதே கோடையில் ஒரு வடசென்னைத் தெருவில் நான் பார்த்த குடவரிசை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால், முந்திய இரவே பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டிருந்தார்கள். குடம் போதாதவர்கள் ஒரு செங்கல்லையோ பழைய வாளியையோ தங்கள் இடத்தில் வைத்திருந்தார்கள். விடியற்காலை ஆறரை மணிக்கு லாரி வந்து, குழாயைத் திறந்து, முதல் இருபது குடங்கள் நிறைவதற்குள், வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் மூன்று பேர் தங்கள் குடங்களைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார்கள். ஏழு மணிப் பேருந்தை விட்டால் வீட்டு வேலை செய்யும் இடத்தில் அன்றைய பேச்சை வாங்க வேண்டியிருக்கும் என்றார் ஒருவர். தண்ணீருக்காகக் காத்திருக்கும் நேரமும் பயணத்துக்கான நேரமும் ஒரே ஆளின் ஒரே நாளிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. வீட்டில் நிலத்தடித் தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் இருப்பவர்களுக்கும், மாதாமாதம் தனியார் லாரிக்குப் பணம் கட்ட முடிகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு புரிவது கடினம்.

நகரத்துக்குள் வருவது எல்லாம் ஏதோ ஒரு வடிவில் வெளியே போகவும் வேண்டும். குப்பை, பல ஆண்டுகளாக வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போனது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேலேயே வளர்ந்தது. அந்தச் சதுப்புநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பணியும் நடக்கிறது. கழிவுநீரில் ஒரு பகுதியைக் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நன்கு சுத்திகரித்து, மணலி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு நிலையமும் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் திறனுள்ளது. சென்னை அண்மைக் காலத்தில் செய்த காரியங்களில் மிகவும் அறிவார்ந்தது இது என்பேன், ஏனென்றால் நகரத்துக்குள்ளேயே ஒரு ஆறு பிறப்பதற்குச் சமம் அது. ஆனால் எண்ணூரில் நிலைமை வேறு. கொசஸ்தலை ஆற்றின் நீர் பூண்டியில் நகரத்துக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது; அதே ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், நகரத்துக்கு மின்சாரம் தரும் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் படிகிறது. ஆற்றின் தலையில் நீரை எடுத்துக்கொண்டு காலில் சாம்பலைக் கொட்டியிருக்கிறோம். இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த மீனவர்கள் அதன் விலையைக் கொடுக்கிறார்கள். 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா அந்தச் சாம்பல் படிந்த இடங்களில் நின்று, சென்னைப் பேச்சுத் தமிழில், கர்நாடக ராகங்களில் 'புறம்போக்கு' பற்றிப் பாடினார். எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த ஒரு வருவாய்த்துறைச் சொல் எப்படி ஒரு வசைச்சொல் ஆனது என்பதை அந்தப் பாட்டு கேட்டது. உங்கள் மூன்று பாடங்களும் ஒரே இடத்தில் சந்தித்த தருணம் வேண்டுமென்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும்: கொத்தவால் சாவடியில் இருந்த காய்கறி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது, லாரிகள் நெரிசலான பழைய நகருக்குள் வராமல் தடுத்தது, சில்லறை வியாபாரிகளின் விடியற்காலைப் பயணத்தையோ அது கூட்டியது.

இனிப் பயணம். 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் இன்றைய சென்னையின் உருவத்தைத் தீர்மானித்தது 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில்தான். நகரம் தெற்கு நோக்கி ஒரு நீண்ட வால்போல வளர்ந்ததற்கு அந்தத் தண்டவாளமே பெரிய காரணம். 1953இல் டிராம் நின்றது. 1995இல் பறக்கும் ரயில் வந்தபோது, அதன் தூண்களைப் பல இடங்களில் பக்கிங்காம் கால்வாயிலேயே நட்டார்கள். ஒருகாலத்தில் விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்த வழி அது. மழைக்காலத்தில் வெள்ளத்தை வடியவிட்ட வழியும் அதுவே. பயணத்துக்காக ஒரு நீர்வழியைச் சுருக்கினோம். மழை பெய்யும்போது அந்த நீர் தன் பழைய இடத்தைக் கேட்டு வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னும் இதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வெள்ளத்தைத் தொடர்ந்து ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2000 முதலே கண்ணகி நகரிலும், பின்பு செம்மஞ்சேரியிலும் இது நடந்துகொண்டிருந்தது. சிந்தாதிரிப்பேட்டையிலும் கூவம், அடையாற்றுக் கரைகளிலும் வேலைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தவர்கள், ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்குப் போனார்கள். வீடு கிடைத்தது உண்மை. வீட்டோடு சேர்த்து ஒவ்வொரு நாளிலிருந்தும் மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளப்பட்டதும் உண்மை. அதற்கு எந்தக் கோப்பிலும் இழப்பீடு கணக்கிடப்படவில்லை. அதனால்தான் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசமானபோது, அதை வெறும் சலுகை என்று சொன்னவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. நகரம் தள்ளிவைத்த தூரத்தில் ஒரு சிறு பங்கை நகரமே முதன்முதலாக ஏற்றுக்கொண்டது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பணம் மிச்சமாகிறது, நேரம் இன்னும் மிச்சமாகவில்லை.

2015இல் தொடங்கிய மெட்ரோவும், இப்போது கட்டப்பட்டுவரும் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டமும் அந்த நேரத்தைக் குறைக்கக்கூடும். ஆனால் நிலையத்திலிருந்து வீடுவரை உள்ள கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவை நம்பியிருக்கும்வரை, அந்தப் பலன் முழுமையாக வந்துசேராது. பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்கும் 'சென்னை ஒன்று' செயலி 2025இல் வந்தது நல்ல தொடக்கம். பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரித்திருக்கும் நிலையில், இணைப்புகளைப் பற்றிய கவலை இன்னும் பல மடங்கு தேவைப்படுகிறது.

நான் இருபது ஆண்டுகளாகத் திருநின்றவூரிலிருந்து நகருக்குள் ரயிலில் வந்துபோகிறேன். மாலையில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையமான மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் திருவள்ளூர், அரக்கோணம் வண்டிகளின் மகளிர் பெட்டியை நீங்கள் ஒருநாள் அவசியம் பார்க்க வேண்டும். பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் பைகள் திறக்கும். ஒருவர் மடியில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை உருவுவார். ஒருவர் பீன்ஸுக்கு நார் எடுப்பார். பூக்காரம்மா விரலிடுக்கில் நாரைப் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் மல்லிகை கட்டுவார். அம்பத்தூர் வருவதற்குள் இரவுச் சமையலுக்கான பாதி வேலை முடிந்திருக்கும். பார்வையற்ற பாடகர் ஒருவர் தோளில் மாட்டிய ஒலிபெருக்கியோடு பழைய திரைப்பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டு பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார். கீரை உருவும் கை நிற்காமலே, உதடுகள் சரணத்தைக் கூடச் சேர்ந்து முணுமுணுக்கும். பக்கத்துப் பெட்டியில் கல்லூரி மாணவர்கள் பெட்டியின் தகரத்தையே தாளக்கருவியாக்கிக் கானா பாடுவார்கள். கலைக்கென்று தனியாக நேரம் கிடைக்காத மக்கள், பயண நேரத்துக்குள்ளேயே தங்கள் கலையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பண்பாட்டு வாழ்க்கை என்றால் அரங்கங்களின் பட்டியல் என்று மட்டும் பாடநூல் சொல்லுமானால், இந்தப் பெட்டியை அது பார்க்கவில்லை என்று பொருள்.

அரங்கங்கள் நகர்ந்து வருவதில்லை. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாட்டிலிருந்து பிறந்து 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியும், அதைச் சுற்றி வளர்ந்த சபாக்களும், ரசிகர்கள் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நடக்கும் தொலைவில் வாழ்ந்த காலத்தின் ஏற்பாடுகள். ரசிகர்களின் பிள்ளைகள் தாம்பரத்துக்கும் அம்பத்தூருக்கும் அப்பால் குடிபோய்விட்டார்கள். அரங்கங்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றன. இரவுக் கச்சேரியில், தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து போகிறவர்களை வித்வான்களும் விமர்சகர்களும் கடிந்துகொள்வதுண்டு. மிருதங்கக் கலைஞர் அந்த ஒரு கால்மணி நேரத்துக்காகவே மாலை முழுவதும் காத்திருக்கிறார் என்பதால் அந்தக் கோபம் நியாயமானது. நானும் பலமுறை அப்படி எழுந்து வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் வருந்தியிருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயிலைப் பிடித்து, பார்க் டவுனில் இறங்கி, சாலையைக் கடந்து, புறநகர் வண்டியில் ஏறி, திருநின்றவூர் போய்ச் சேரும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர் எந்த ஊருக்குப் போகிறார் என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனையில், பேருந்துகளும் கடற்கரை நிலையமும் அருகில் இருக்கும் இடத்தில் அமைந்தது தொலைதூர ரசிகர்களுக்குப் பெரிய உதவி. 1977 முதல் நடந்துவரும் புத்தகக் காட்சி நந்தனத்தில், மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் நடப்பதால், புறநகர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து இரவு எட்டரைவரை இருக்க முடிகிறது.

பழைய கலை வடிவங்கள் பல இந்தத் தூரத்தை அறிந்தே அமைந்தவை. தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்து ஏன் விடிய விடிய நடக்கிறது என்பதற்குச் சடங்கு சார்ந்த காரணங்கள் உண்டு. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்கள் வெளிச்சம் வந்தபின் பத்திரமாகத் திரும்பலாம் என்ற வசதியும் அதில் இருந்தது என்று நான் கருதுகிறேன். திருவள்ளூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து பார்த்துவிட்டு முதல் பேருந்தில் வேலைக்குக் கிளம்புகிறவர்களை இன்றும் காணலாம். கலையை மக்களிடம் கொண்டுபோகும் முயற்சிகளும் நடக்கின்றன: 2007இல் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நடந்த சென்னை சங்கமம், 2023இல் மீண்டும் வந்தது, ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே பரதமும் பறையும் கர்நாடக இசையும் ஒரே மேடையில் நடந்தன. இவை ஆண்டுக்குச் சில நாட்கள்தான். புறநகர் ரயில் நிலையங்களையொட்டி, நூறு இருநூறு பேர் உட்காரும் எளிய பொது அரங்குகளும் அவற்றோடு சேர்ந்த நூலகங்களும் ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். தண்ணீரை நானூறு கிலோமீட்டர் கொண்டுவர முடிந்த ஊருக்கு, ஒரு மேடையை ஆவடிக்கும் கூடுவாஞ்சேரிக்கும் கொண்டுபோவது இயலாத காரியம் இல்லை.

நீங்கள் ஆய்வுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், ஒரு வீட்டையும் ஒரு நாளையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, அதற்காக யார் விழித்திருந்தார்கள், யார் எந்தப் பேருந்தில் போனார்கள், எல்லாம் முடிந்தபின் எவ்வளவு நேரம் மிஞ்சியது, அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாக்கத்தில் நான் பேசிய ஓர் அம்மா, மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து அங்கே அனுப்பப்பட்டவர். இப்போதும் வீட்டு வேலைக்கு மயிலாப்பூருக்குத்தான் வருகிறார். கச்சேரி, நாடகம் எதற்கும் போனதில்லை என்றவர், பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழாவை மட்டும் ஒரு வருடமும் விட்டதில்லை என்றார். அன்று வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, மாட வீதியில் யாரோ ஊற்றிக் கொடுக்கும் நீர்மோரைக் குடித்துவிட்டு, நாகசுரத்தின் பின்னால் நாயன்மார்கள் ஒவ்வொருவராக வருவதை நின்று பார்க்கிறார். "சாமியே தெருவுக்கு வருது, அதனால என்னால பாக்க முடியுது" என்றார். பிறகு ஆறரை மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.